சாமக்கொடையில் முடங்கிய மெமரி கார்டும் அதை மீட்ட வழியும்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவைப் படம்பிடித்த தம்பி ஒருவர், கொடை முடிந்த மறுநாள் பாளையங்கோட்டையில் உள்ள என் எடிட்டிங் அறைக்கு ஒரு 64 ஜிபி மெமரி கார்டைக் கொண்டுவந்தார். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையின்போது, சாமியாடி கையில் பந்தத்துடன் வேட்டைக்குப் புறப்பட்ட நேரத்தில், நெருக்கியடித்த கூட்டத்தில் யாருடைய முழங்கையோ பட்டுக் கேமராவின் பேட்டரித் தாழ் விலகி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கழன்று விழுந்துவிட்டது. பேட்டரியைத் திரும்ப மாட்டியதும், இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது என்று கேமரா அறிவித்தது. அவர் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வேறொரு கார்டைப் போட்டு மீதிக் கொடையை எடுத்து முடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் செருகியதும் விண்டோஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டது. உடனே எனக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணணும்னு கேக்கு. பண்ணிரட்டுமா?”

“வேண்டாம்டே. ஒண்ணையும் தொடாம கார்டைக் கழத்தி அப்படியே கொண்டா.”

அவர் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கேட்டதால்தான் பின்னால் வந்த வேலை எல்லாம் நடந்தது. எங்கள் பகுதியில் சித்திரை முதல் ஆடி வரை கொடை மாற்றிக் கொடையாக வரும்; அந்த மாதங்களில் இப்படி முடங்கிய கார்டுகள் என்னிடம் தொடர்ந்து வருகின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. திடீரென மின்சாரம் நின்று முடங்கிய கார்டில் படம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. அந்தப் படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் குறிப்புதான் எழுதப்படாமலோ சிதைந்தோ போயிருக்கிறது. உண்மையான இழப்பு, அதற்குப் பிந்தைய அரை மணி நேரத்தில், நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் காரியங்களால் ஏற்படுகிறது. வேட்டைக்குப் புறப்படும் காட்சியை மறுபடி நடத்திக் காட்டுங்கள் என்று எந்தச் சாமியாடியிடமும் கேட்க முடியாது என்பதால், இந்த முறையை விரிவாகவே பதிந்து வைக்கிறேன்.

முதலில், பேட்டரி விழுந்த கணத்தில் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் முறையில்) ஃபார்மேட் செய்யப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்த இந்த அமைப்பு, ஃபேட்32இல் இருந்த ஒரு ஃபைலுக்கு 4 ஜிபி என்ற வரம்பை நீக்கியது. ஆனால் லேப்டாப்பின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருப்பதைப் போல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்து, தடங்கல் வந்தால் சரிசெய்துகொள்ளும் நாட்குறிப்பு இதில் கிடையாது. ஃபேட்32 தன் ஒதுக்கீட்டு அட்டவணையை இரண்டு பிரதிகளாக வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒன்றையே வைத்துக்கொள்கிறது. ஆகவே எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், ஃபைலின் நீளம் பூஜ்யம் என்றே பதிவாகியிருக்கும், படத்தின் தரவு மட்டும் கேட்பாரற்றுக் கார்டில் கிடக்கும்.

எம்பி4 ஃபைலின் அமைப்பும் இதே போக்கில்தான் இருக்கிறது. பதிவு தொடங்கும்போது ஃபைலின் தலைப்பில் ‘எஃப்டைப்’ என்ற சிறு பெட்டி எழுதப்படும். அடுத்து ‘எம்டாட்’ என்ற பெரும் பெட்டியில் படமும் ஒலியும் மாறிமாறி எழுதப்பட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு படச்சட்டமும் (ஃபிரேமும்) எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்ட வேண்டும், எழுதிய தரவை எப்படித் திரும்பப் படமாக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் ‘மூவ்’ என்ற மூன்றாம் பெட்டியில் இருக்கும். பெரும்பாலான கேமராக்கள் அதை நாம் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் எழுதுகின்றன. பொத்தானை அழுத்தாமலே மின்சாரம் போய்விட்டால் ‘மூவ்’ பெட்டி பிறக்கவே பிறக்காது. அது இல்லாத ஃபைலை எந்த பிளேயரும் திறக்காது.

மூன்றாவதாக, கார்டின் ஃபிளாஷ் நினைவகத்துக்கே உரிய ஒரு குணமும் இருக்கிறது. அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே அப்படியே திருத்தி எழுத முடியாது. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர், தரவை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழைய பகுதியைத் தொகுதி தொகுதியாக அழிக்கிறது. நாம் பார்க்கும் முகவரிக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள தொடர்பைத் தன் அட்டவணையில் மாற்றிக்கொண்டே வருகிறது. இந்த இடமாற்றத்தின் நடுவில் மின்சாரம் நின்றால், கேமரா அப்போது எழுதிக்கொண்டிருந்த இடத்தோடு நில்லாமல், அதற்குச் சம்பந்தமில்லாத ஓரிடமும் சிதையக்கூடும். ‘பதிவு பாதியில்தானே நின்றது, ஏன் கார்டு முழுவதுமே திறக்கவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இனி வேலைக்கு வருகிறேன். கார்டைக் கையில் வாங்கியதும் முதலில் லென்ஸ் வைத்து அதன் முதுகைப் பார்த்தேன். தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் திருநீற்றின் வெண்மையும் தெரிந்தது. கொடையில் மஞ்சள்நீரும் திருநீறும் படாமல் படம்பிடிக்க முடியாது; கார்டு மாற்றும்போது ஈரக்கை பட்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, முனைகளின் நீளவாக்கில் ஒரே திசையில் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். பலர் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பார்கள். ரப்பர்த் துகள் கேமராவின் கார்டுத் துளைக்குள் போய் அங்குள்ள ஸ்பிரிங் முனைகளில் அடைத்துக்கொள்வதால் நான் அதைச் செய்வதில்லை. அழுக்கு முனைதான் பிரச்சினை என்றால் இந்தத் துடைப்பிலேயே கார்டு உயிர்பெற்றுவிடும். இந்தக் கார்டு உயிர்பெறவில்லை.

அடுத்து, கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டுத் தாழைக் கீழே தள்ளினேன். அந்தத் தாழ் கார்டின் உள்ளே எதையும் பூட்டுவதில்லை. தாழின் நிலையைக் கார்டு ரீடர் உணர்ந்து, எழுதாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சில ரீடர்கள் அதை மதிப்பதில்லை. அதனால் லினக்ஸ் போட்ட லேப்டாப்பில், செருகியதும் தானாகத் திறக்கும் வசதியை நிறுத்திவைத்துவிட்டுத்தான் கார்டைச் செருகுவேன். விண்டோஸில் செருகும்போது, கேட்காமலே சில சிறு ஃபோல்டர்களை அது கார்டில் எழுதிவைப்பதுண்டு; சாதாரண நாளில் அதனால் கெடுதல் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட கார்டில் புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும் படத்தின் மேல் விழக்கூடும்.

பிறகு, கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை அப்படியே ஒரு பிரதி எடுத்தேன். ஃபைல்களை காப்பி செய்வது வேறு, இது வேறு. இதில் ஃபைல் என்ற கணக்கே கிடையாது. காலி இடம் என்று சொல்லப்படுவதும் சேர்ந்தே பிரதியாகும். இதற்கு நான் பயன்படுத்துவது குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். அது முதலில் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துக்கொண்டு, தடுமாறும் இடங்களை ஒரு வரைபட ஃபைலில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பப் போய், சிறுசிறு துண்டாகப் படித்துப் பார்க்கும். பாதியில் கரண்ட் போனாலும் வரைபட ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். யுஎஸ்பி 3 ரீடரில் 64 ஜிபி கார்டு கால் மணி நேரத்துக்குள் பிரதியாகிவிடும். பழைய யுஎஸ்பி 2 ரீடர் என்றால் அரை மணிக்குக் குறையாது. இந்தக் கார்டில் முழுவதும் படித்து முடித்த பிறகு, பகிர்வின் (ஃபைல்களுக்காகக் கார்டில் ஒதுக்கிய பகுதியின்) தொடக்கத்தில் 4 கேபி அளவுள்ள ஒரே ஓரிடம் மட்டும் படிக்க முடியாததாக நின்றது. முன்பு சொன்ன இடமாற்றத்தில் சிக்கியது அந்த இடம்தான். எக்ஸ்ஃபேட் அமைப்பு தன்னைப் பற்றிய அடிப்படை விவரங்களை எழுதிவைக்கும் பூட் பகுதி அங்கேதான் இருக்கும். ‘இந்தப் பகிர்வில் எழுத்து நடந்துகொண்டிருக்கிறது’ என்ற அடையாளமும் அதில்தான் வைக்கப்படும்.

பிரதி கிடைத்ததும் கார்டைக் கழற்றி உறையில் போட்டு, அதன்மேல் தேதி எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். அதற்குமேல் செய்த எல்லாமே பிரதியின் மேல்தான், அதுவும் இன்னொரு பிரதி எடுத்துவைத்துக்கொண்ட பிறகுதான். இந்த ஒழுங்கு கையில் இருந்தால் எந்தச் சோதனையையும் தைரியமாகச் செய்யலாம். தவறினால் பிரதியை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பூட் பகுதி பன்னிரண்டு செக்டார் நீளமுள்ளது (செக்டார் என்பது கார்டின் இடத்தை அளக்கும் சிற்றலகு). அதை அடுத்த பன்னிரண்டு செக்டார்களில் அதன் மாற்றுப் பிரதி ஒன்று எப்போதும் இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளில் நான் எடுத்த கார்டுப் பிரதியைத் திறந்து பார்த்தபோது, முதல் பூட் பகுதி பழுது, மாற்றுப் பிரதி நலம் என்று காட்டியது. மாற்றை முதலின் மேல் எழுதச் சொன்னேன். அவ்வளவுதான், பகிர்வு திறந்தது. மாலையில் எடுத்த மாக்காப்பு அலங்காரம், கணியான் கூத்து, தீபாராதனை என எல்லாக் கிளிப்புகளும் வரிசையாக இருந்தன. அவற்றை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் குறையில்லை. கடைசிக் கிளிப் மட்டும், எதிர்பார்த்தபடியே, பூஜ்யம் பைட்டு என்று நின்றது.

இந்த நிலையில் பலர் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவார்கள். அது படத்தைத் தேடித் தரும் கருவி அல்ல. கோப்பு அமைப்பில் முரண்பாடில்லாமல் ஆக்குவதே அதன் வேலை. பூஜ்யம் பைட்டு ஃபைலும் கேட்பாரற்ற தரவும் அதன் கண்ணுக்கு முரண்பாடுகள். முதலாவதை அது நீக்கிவிடக்கூடும், இரண்டாவதைக் காலி இடமாக்கக்கூடும் அல்லது பெயரில்லாத துண்டு ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் போடக்கூடும். பிரதி எடுக்காமல் மூலக் கார்டிலேயே அதை ஓட்டுவதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். வேறு சிலர் உடனே ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை ஓட்டுவார்கள். அது நல்ல கருவி. கோப்பு அமைப்பே சிதைந்துபோன கார்டில் வேறு வழியும் இல்லை. ஆனால் அது ஃபைலின் தொடக்க அடையாளத்தைக் கண்டு, அங்கிருந்து தொடர்ச்சியாக வெட்டி எடுப்பதால், துண்டு துண்டாகச் சிதறிய வீடியோவை ஒழுங்காகத் தராது. ‘மூவ்’ பெட்டி இல்லாத வீடியோவை எடுத்துக் கொடுத்தாலும் அது ஓடாது.

நான் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பிரதியைத் திறந்து, கடைசி நல்ல கிளிப் முடியும் இடத்துக்குப் போனேன். ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டரின் அளவு இந்தக் கார்டில் 128 கேபி. அந்தக் கிளிப் முடிந்த கிளஸ்டருக்கு அடுத்த கிளஸ்டர் எல்லையிலேயே ‘எஃப்டைப்’ (ftyp) என்ற நான்கு ஆங்கில எழுத்தும், சில வரிகள் தள்ளி ‘எம்டாட்’ (mdat) என்ற நான்கு எழுத்தும் பளிச்சென்று நின்றன. ‘எம்டாட்’ பெட்டியின் நீளத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மையான எண் இல்லை; கேமரா அதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தது. அதைத் தாண்டி, ஒவ்வொரு படச்சட்டத்தின் முன்னும் அதன் நீளம் நான்கு பைட்டில் எழுதப்பட்டிருப்பதும், அந்த நீளத்தைக் கூட்டிப் போனால் அடுத்த சட்டத்தின் தலை சரியாக வந்து நிற்பதும் தெரிந்தது. படம் முழுவதும் அங்கேதான் இருந்தது. அந்த வரிகளைப் பார்த்ததும், அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்த தம்பியிடம் உட்காரச் சொன்னேன்.

இந்த வேலை இவ்வளவு எளிதாக அமைந்ததற்கு முக்கியக் காரணம், அவர் கொடைக்குப் போகும் முன் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்திருந்தது. அதனால் கிளிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி எழுதப்பட்டிருந்தன. இடம் போதவில்லை என்று நடுவில் இரண்டு மூன்று கிளிப்புகளை மட்டும் அழித்துவிட்டு எடுத்திருந்தால், கடைசிக் கிளிப் அந்த இடைவெளிகளில் எல்லாம் பிரிந்து பரவியிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று தேடுவதிலேயே பாதி தொலைந்திருக்கும்.

கேமரா விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எழுதியிருந்தது. அது நிமிடத்துக்கு 375 மெகாபைட். ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடியதாக அவர் சொன்னதால், 7.5 ஜிபி அளவு இருக்க வேண்டும். முடிவு சரியாகத் தெரியாததால் 9 ஜிபியாகவே வெட்டி எடுத்தேன். அடுத்து, அதே கேமராவில், அதே தெளிவு, அதே சட்ட வேகம், அதே பிட் அளவு, அதே ஒலி அமைப்பு என எதையும் மாற்றாமல், ஒரு நிமிட மாதிரிக் கிளிப்பை வேறொரு கார்டில் எடுத்துத் தரச் சொன்னேன். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் அந்த நல்ல கிளிப்பின் ‘மூவ்’ பெட்டியைப் படித்து, இந்தக் கேமரா எப்படி எழுதும் என்று தெரிந்துகொண்டு, முடங்கிய கிளிப்பின் சட்டங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, புதிய ‘மூவ்’ பெட்டி ஒன்றைக் கட்டித் தருகிறது. மாதிரிக் கிளிப் அரைகுறையாகப் பொருந்தினால் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகப் படம் வரும். அப்படி வந்தால் படம் கெட்டுப்போனது என்று முடிவுகட்டிவிடாமல், கேமரா அமைப்பைச் சரிபார்த்து வேறொரு மாதிரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே முதல் மாதிரியே பொருந்திவிட்டது. பந்தத்தின் வெளிச்சத்தில் சாமியாடி ஆடிய ஆட்டம் முழுவதும் வந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் படம் ஒரு கணம் கலங்கி, அடுத்த கணம் எங்கேயோ ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு மேடை தெரிந்தது. அது முந்தைய முறை அதே கார்டில் எடுத்த வேறொரு குடும்பத்து விசேஷம். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது; பழைய படம் அதன்மேல் புதுப் படம் எழுதப்படும் வரை அடியில் அப்படியே கிடக்கும். மென்பொருளுக்குக் கொடை எது, கல்யாணம் எது என்று தெரியாது. ஒரே கேமராவின் எழுத்து என்பதால் தொடர்ந்து படித்துக்கொண்டே போய்விட்டது. அந்த இடத்தில் வெட்டிவிட்டேன். இழந்தது, கேமராவின் தற்காலிக நினைவில் இருந்து கார்டுக்கு இறங்காத கடைசிச் சில விநாடிகள் மட்டுமே. அவற்றை எவராலும் மீட்க முடியாது. இன்னொன்றும் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். கார்டை மற்றவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்கும்போது, நம்மை நம்பிப் படமெடுக்க விட்ட குடும்பங்களின் காட்சிகளையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதற்கு முன் முழு அழிப்பு ஃபார்மேட் செய்வது நம் கடமை.

ஒலியில் மட்டும் கொஞ்சம் வேலை மிச்சமிருந்தது. படச்சட்டங்களுக்குத் தெளிவான அடையாளம் உண்டு. எம்பி4க்குள் இருக்கும் ஏஏசி ஒலித் துண்டுகளுக்கு அத்தகைய தலைப்பு கிடையாது. அதனால் மென்பொருள் சில இடங்களில் ஊகித்து எழுதியிருந்தது. ஓட ஓட ஒலி படத்தைவிட முந்திப்போனது. நல்லவேளையாக, மகுடம் என்ற தோல்கருவி வாசிப்பவர்களுக்கு அருகில் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் தம்பி வைத்திருந்தார். மகுடத்தில் கை விழும் சட்டத்தையும் அடி கேட்கும் இடத்தையும் பொருத்தி, விலகிய இடங்களில் வெட்டிச் சேர்த்து, தனிப்பதிவின் ஒலியையே முழுவதும் போட்டுவிட்டோம்.

கார்டு என்ன ஆயிற்று என்றால், படமெல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏறி, ஓட்டிப் பார்த்து முடிந்த பிறகு, எஸ்டி கூட்டமைப்பே தரும் ஃபார்மேட்டர் மென்பொருளில் முழு அழிப்பு முறையில் ஃபார்மேட் செய்து, எஃப்3 என்ற சோதனைக் கருவியால் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை. இருந்தாலும் கொடைக்கும் கல்யாணத்துக்கும் இனி அதைப் போட வேண்டாம், ஒத்திகைப் படம் எடுப்பதற்கு வைத்துக்கொள் என்றே சொன்னேன். மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு ஒருமுறை தடுமாறிய கார்டைக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

தடுப்பு என்று பார்த்தால், கார்டைவிட மின்சாரத்தில்தான் நாம் அதிகம் கவனம் வைக்க வேண்டும். பேட்டரித் தாழின் மேல் அகலமான கேமரா டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால், கூட்டத்தில் கழன்று விழும் பேச்சே இல்லை. கோயிலில் மின்சாரத்தில் அடாப்டர் போட்டு எடுப்பவர்கள், பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் நம்பக்கூடாது. வரிக்கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் நொடியில் கேமரா அணைந்துவிடும்; கார்டுக்கு அதுவும் பேட்டரி விழுந்ததும் ஒன்றுதான். பேட்டரி முழுதும் தீரும் வரை இழுத்துப் பிடிக்காமல், சாமக்கொடை தொடங்கும் முன்பே, மீதி இருந்தாலும், புது பேட்டரியை மாட்டிக்கொள்வது நல்லது. கார்டு அருகில் எரியும் சிறு விளக்கு அணைந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். பதிவை நிறுத்திய பிறகும் சில விநாடி அது எரிவது ‘மூவ்’ பெட்டி எழுதப்படுவதற்காகத்தான்.

அடுத்தது, நீளமான பதிவு. வில்லுப்பாட்டு மணிக்கணக்கில் நடக்கும் என்பதால், முக்காலியில் கேமராவை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, முடியும் வரை ஒரே கிளிப்பாக எடுப்பதை நம் பக்கத்தில் பலர் வழக்கமாக்கிக்கொண்டார்கள். அது முடிவில் கோளாறானால் அத்தனை மணி நேரமும் ஒரே ‘மூவ்’ பெட்டியை நம்பி நிற்கிறது. புலவர் கதையை நிறுத்தி இளைப்பாறும் இடங்களில் பதிவை நிறுத்தி, உடனே மறுபடி தொடங்கினால், அதுவரை எடுத்தது முழுமையாக முடிந்த ஃபைலாகிவிடும். கேமராவில் ஏவிசிஎச்டி முறை இருந்தால் நீண்ட பதிவுக்கு நான் அதையே விரும்புவேன். அதன் எம்டிஎஸ் ஃபைல் 192 பைட்டு அளவுள்ள சிறு பொட்டலங்களாக எழுதப்படுவதால், எந்த இடத்தில் அறுந்தாலும் அதற்கு முந்தையது ஓடும். இரண்டு கார்டுத் துளை உள்ள கேமராவில், ஒன்று நிரம்பியதும் அடுத்தது என்று வைக்காமல், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைக்க வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல.

ஃபார்மேட்டை எப்போதும் அந்தந்தக் கேமராவிலேயே செய்ய வேண்டும். லேப்டாப்பில் செருகிச் சில கிளிப்புகளை மட்டும் அழிப்பதும், ஒரே கார்டை இன்று கேமராவிலும் நாளை டிரோனிலும் போடுவதும், கேமரா தனக்கென்று வைத்திருக்கும் கிளிப் பட்டியலுக்கும் கார்டில் உள்ளதற்கும் பொருத்தமில்லாமல் செய்துவிடும். சில கேமராக்கள் அப்போது பட்டியலைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். பாதியில் நின்ற கிளிப்பையும் சில கேமராக்கள் தாமே சரிசெய்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதுவும் கார்டில் எழுதும் செயல் என்பதால், முழுப் பிரதி எடுத்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும்.

கார்டு வாங்கும்போது ஏற்படும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமரா சொல்வது மெகாபிட், கார்டு சொல்வது மெகாபைட். 100 மெகாபிட்டில் 4கே எடுக்கும் கேமராவுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட் எழுதும் வேகம் போதும். வி30 என்ற குறி, தொடர்ந்து எழுதும்போது வேகம் 30 மெகாபைட்டுக்குக் குறையாது என்பதற்கான உறுதி. கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். படப்பிடிப்புக்கு அது பொருட்டல்ல. போலிக் கார்டுகள்தான் பெரிய ஆபத்து. உள்ளே 16 ஜிபி மட்டும் இருக்க, 128 ஜிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உள்ள இடம் நிரம்பியதும் எழுதுவது எங்கும் தங்காது, அல்லது பழையதின் மேலேயே எழுதும், கேமராவோ எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். புதுக் கார்டு எந்தக் கடையில் வாங்கினாலும், லினக்ஸில் எஃப்3 அல்லது விண்டோஸில் எச்டூடெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துப் போகக்கூடாது.

வெயிலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் கார்டுகள் 85 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று குறிப்பிட்டே விற்கப்படுகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் முதலில் திணறுவது கேமராவும் பேட்டரியும்தான். கார்டுக்கு உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும், திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலும்தான் அதிகத் தொல்லை. கார்டை வெறுமனே சட்டைப்பையில் போடாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தால் பாதித் தொல்லை போய்விடும். பூட்டுத் தாழ் உடைந்து விழுந்துவிட்ட கார்டு, எழுதத் தடை என்று கேமராவில் காட்டினால், தாழ் இருந்த பள்ளத்தின் மேல் மெல்லிய செலோடேப்பை ஒட்டி அன்றைய வேலையை முடித்துவிடலாம்; டேப் சுருண்டு துளைக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் மறுநாளே அந்தக் கார்டை மாற்றிவிட வேண்டும்.

எந்த ரீடரில் செருகினாலும் கணினிக்குக் கார்டு இருப்பதே தெரியவில்லை, அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால், கன்ட்ரோலரே செயலிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே மேலே சொன்ன எதுவும் உதவாது. குளிர்பெட்டியில் வைப்பது, சூடுகாட்டுவது போன்ற வேலைகள் இருப்பதையும் கெடுக்கும். தரவு மீட்பு ஆய்வகத்தில், ஃபிளாஷ் சில்லை நேரடியாகப் படித்து, கன்ட்ரோலர் செய்த கலைப்பை மென்பொருளால் திரும்ப அடுக்கி எடுப்பார்கள். மைக்ரோ எஸ்டியில் எல்லாமே ஒரே வார்ப்புக்குள் இருப்பதால் மேலுறையைச் சுரண்டி முனைகளைத் தேட வேண்டியிருக்கும். செலவு மிகுந்த வேலை என்பதால், விசேஷ வீட்டாரிடம் பேசி முடிவுசெய்துகொண்டு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நிமிட மாதிரிக் கிளிப்பை வேறு கார்டில் சேர்த்து, எந்த நேரத்தில் எப்படி நின்றது, அதற்குப் பிறகு கார்டை எதில் எல்லாம் செருகினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்து அனுப்புங்கள்.